பக்கத்து வீட்டுப் பிள்ளை

அத்தியாயம் 11

மூன்று சனிக்கிழமைகளாகக் கெஞ்சியும் கிடைக்காத அனுமதி, நான்காம் சனிக்கிழமை காலையில் லோஷினிக்குக் கேட்காமலே கிடைத்தது.

"இன்னிக்கு நீ அந்தக் கூட்டத்துக்குப் போயிட்டு வா," என்றாள் அம்மா பிரேமலா. பார்வை தோசைக்கல்லை விட்டு நகரவில்லை.

"ஸ்கூடாய்க்கா? நெசமாவாம்மா?"

"போன்னுதானே சொல்றேன்."

லோஷினி அம்மாவைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தாள். பிரேமலாவின் தோள் இறுகியதே தவிர, கை தோசைக் கரண்டியை விடவில்லை.

ஐந்து வாரத்துக்கு முன்புதான் மனநல மருத்துவர் அந்தப் பெயரை எழுதிக் கொடுத்திருந்தார். பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸார்டர். பதினேழு வயதுப் பெண்ணுக்கு அவசரப்பட்டு இதைச் சொல்ல மாட்டேன், ஆனால் ஒன்றரை வருடமாகப் பார்த்துவிட்டேன் என்று அப்பா ஜெயபாலனிடம் விளக்கினார் அந்த அம்மையார். பிறகு லோஷினியிடம் திரும்பி, "மத்தவங்களுக்குத் தூறலா வர்றது உனக்கு வெள்ளமா வருது. நீச்சல் கத்துக்கலாம். நாளாகும்," என்றார். உன் வயதுப் பிள்ளைகள், இதே நோய் உள்ளவர்கள், சனிக்கிழமைதோறும் ஸ்கூடாயில் கூடுகிறார்கள் என்று ஒரு தொலைபேசி எண்ணையும் கொடுத்தார்.

அந்தச் சீட்டை வீட்டில் வாங்கிப் பார்த்த பிரேமலா அன்று கேட்டது ஒரே கேள்விதான். "பைத்தியத்தோட பைத்தியம் சேந்தா தெளியுமா?"

அப்படிப்பட்ட அம்மா இன்று போகச் சொல்கிறாள்.

"எத்தன மணிக்கும்மா வரணும்?"

"ஆறரைக்கு மேல வா. அதுக்கு முன்னாடி இந்தப் பக்கமே வராத."

லோஷினிக்குப் புரிந்தது. நாலு மணிக்கு அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள். கூலாய்க்காரர்கள். மாப்பிள்ளை லோகேஸ்வரன் சிங்கப்பூரில், துவாஸில் வேலை பார்க்கிறவன்.

கட்டிப்பிடித்திருந்த கைகளை அவளே எடுத்துக்கொண்டாள்.

அறையில் பிரவீனா சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது மூத்தவள். போன வாரம் லோஷினி குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு திறக்காமல் கிடந்தபோது, கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து நாலு மணி நேரம் பேசிப் பேசியே திறக்க வைத்தவள் இந்த அக்காதான்.

"நீயும்தான் என்னைய போகச் சொல்றியாக்கா?"

பிரவீனா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "ஒரு நாள்தானே லோஷி. அவங்க போகட்டும். அப்புறம் நானே பக்குவமா சொல்லிக்கிறேன்லா."

"சத்தியமா?"

"சத்தியமா."

அது போதுமாயிருந்தது. அக்கா சத்தியம் செய்தால் லோஷினி எதையும் தாங்கிக்கொள்வாள்.

ஜெயபாலன் காரில் கொண்டுபோய் விட்டார். செனாய் விமான நிலையத்தின் சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். அவள் இறங்கும்போது சொன்னார். "திரும்பி வர்றப்ப கிராப் டாக்சி எடுத்துக்கம்மா. ஆறரைக்கு மேல."

"தெரியும்பா. அம்மா சொல்லிட்டாங்க."

அவர் முன் கண்ணாடியைப் பார்த்தபடியே தலையாட்டினார்.

கூட்டம் நடந்த இடம் ஒரு டோபிக் கடையின் மேல்மாடி. கீழே துணி துவைக்கும் இயந்திரங்கள் ஓட ஓட, மேலே தரை அதிர்ந்தது. ஆறு நாற்காலிகள், ஒரு மின்விசிறி. நடத்துகிறவன் ஹேமநாதன்.

"எனக்குப் பதினாறு வயசுல இதே பேர சொன்னாங்க. இப்ப இருபத்தாறு. நான் டாக்டர் இல்ல, வாத்தியாரும் இல்ல. உங்களுக்கு முன்னாடி விழுந்தவன், அவ்வளவுதான். இங்க சட்டம் ஒண்ணே ஒண்ணு. இங்க பேசுறது இந்தப் படிய விட்டு எறங்கக் கூடாது."

சிந்துஜா என்ற பெண் முதலில் பேசினாள். கல்லூரி மாணவி. "நேத்து என் கூட்டாளி இருவது நிமிஷமா என் மெசேஜுக்குப் பதில் போடல. அந்த இருவது நிமிஷத்துல அவ துரோகின்னு முடிவு பண்ணேன். பிளாக் பண்ணேன். அழுதேன். பிளாக்க எடுத்தேன். பெருசா மன்னிப்பு எழுதி அனுப்பினேன். அவ குளிச்சிட்டு வந்து, 'என்னாச்சு'ன்னு கேக்குறா."

எல்லாரும் சிரித்தார்கள். லோஷினியும் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் நீர் முட்டியது. தன் ஒருத்திக்கு மட்டும் இருக்கிற கேவலம் என்று அவள் ஒளித்து வைத்திருந்ததை, யாரோ ஒருத்தி மத்தியானத்தில், மின்விசிறிக்குக் கீழே, சாதாரணமாகச் சொல்கிறாள்.

அடுத்துப் பேசியவன் ரூபேந்திரன்; எல்லாருக்கும் ரூபன். பதினெட்டு வயது. அந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டை.

"இன்னிக்கு எங்க வீட்டு ஆளுங்கல்லாம் அண்ணனுக்குப் பொண்ணு பாக்கப் போறாங்க. என்னைய இங்க எறக்கி விட்டுட்டுப் போறாங்க. அங்க கேட்டா நான் பினாங்குல படிக்கிறேன்னு சொல்லுவாங்க." தோளைக் குலுக்கினான். "பினாங்கு நல்ல ஊருதான். நான்தான் இன்னும் பாத்ததில்ல."

மறுபடியும் சிரிப்பு. லோஷினிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

இடைவேளையில் தே ஐஸ் என்ற குளிர்தேநீர்ப் பொட்டலத்தோடு அவன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். லோஷினி இரண்டு படி மேலே நின்றாள்.

"பொண்ணு பாக்க எந்த ஊருக்குப் போறாங்க?"

"செனாய்."

"உங்க அண்ணன் பேரு லோகேஸ்வரனா? துவாஸா?"

அவன் உறிஞ்சுவதை நிறுத்தினான். "ஒனக்கு எப்படித் தெரியும்?"

"அந்தப் பொண்ணு எங்க அக்கா."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் யாருக்குச் சிரிப்பு வந்தது என்று தெரியாது. ரூபன் படியில் சாய்ந்துவிட்டான். லோஷினி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள்.

"அலமாக்! அங்க ரெண்டு அம்மாவும் உக்காந்து போட்டி போட்டுப் பொய் சொல்லுவாங்க," என்றான் அவன். "நீ எங்க இருக்கியாம்?"

"தெரியல. என்ன சொல்லப் போறாங்கன்னு எனக்குச் சொல்லல."

"பினாங்குக்கு வந்துரு. எடம் இருக்கு."

அப்படி ஒரு சிரிப்பு அவளுக்கு இந்த வருடத்தில் வந்ததில்லை. மூச்சு வாங்கி அடங்கிய பிறகு ரூபன் முகம் மாறியது.

"லோஷினி, இத வீட்ல சொல்லிடாத."

"சொல்ல மாட்டேன்."

"வெளையாட்டு இல்ல. போன வருஷம் அண்ணனுக்கு ஒரு சம்பந்தம் வந்து முறிஞ்சு போச்சு. உன்னாலதான்னு எங்கம்மா மொகத்துக்கு நேரா சொன்னாங்க. மறுநாள் நான் ஆஸ்பத்திரில கெடந்தேன். ரெண்டு வாரம்." சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்து விட்டுக்கொண்டான். "இதுவும் முறிஞ்சா எனக்குத் தாங்காது."

"சத்தியமா சொல்ல மாட்டேன் ரூபன்."

அவன் தன் எண்ணைக் கொடுத்தான். "ராத்திரி ரெண்டு மணி ஆனாலும் மெசேஜ் போடு. பதில் போடுவேன். தூங்கிட்டா காலையில போடுவேன். அதுக்குள்ள என்னைய பிளாக் பண்ணிடாத."

நாலரை மணிக்குக் கூட்டம் முடிந்தது. ரூபன் கூலாய்க்குப் பஸ் ஏறினான். லோஷினிக்குப் போக இடமில்லை. சாலையோரப் பெட்ரோல் நிலையத்தில், ரொட்டி அடுக்கின் பக்கத்தில், இரண்டு மணி நேரம் நின்றாள். கடைக்காரப் பெண் இரண்டு முறை வந்து ஏதாவது வேண்டுமா என்று கேட்டாள். மூன்றாம் முறை கேட்கவில்லை. ஆனாலும் லோஷினிக்கு அன்று வலிக்கவில்லை. கைப்பேசியில் ஒரு புதுப் பெயர் இருந்தது. உலகத்தில் தன்னைப் போலவே ஒளித்து வைக்கப்பட்ட இன்னொருவன் இருந்தான்.

ஆறு ஐம்பதுக்கு கிராப் அவளை வீட்டு முன்னால் இறக்கிவிட்டபோது மழை தொடங்கியிருந்தது. சாம்பல் நிறக் கார் ஒன்று இன்னும் வாசலில் நின்றது.

அவர்கள் போகவில்லை.

கேட்டுக்கு வெளியே, மதிலோடு ஒட்டி நின்றாள். முன் கொட்டகையில் எல்லாரும் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். பேச்சில் சிரிப்பு இருந்தது. காரியம் கைகூடிவிட்ட வீட்டின் சிரிப்பு. இன்னும் இரண்டு நிமிடம் யாரும் பார்க்காமல் இருந்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரிப் போயிருக்கும்.

"யாரும்மா அது மழையில நனையறது?" மாப்பிள்ளையின் அம்மா எட்டிப் பார்த்தார். "உள்ள வாம்மா, காய்ச்சல் வரப் போகுது."

எல்லாரும் திரும்பினார்கள். லோஷினி கேட்டைத் திறந்துகொண்டு கொட்டகைக்குள் வந்தாள். அப்பா தரையைப் பார்த்தார்.

"பக்கத்து வீட்டுப் பிள்ளை," என்றாள் பிரேமலா. கொஞ்சமும் தடுமாறவில்லை. "அம்மா வேலைக்குப் போயிட்டா இங்கதான் வந்து நிக்கும்."

லோஷினி தாங்கிக்கொண்டாள். அம்மாவிடமிருந்து அவள் எதிர்பார்த்ததுதான். ரூபனிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பான் என்றுகூட நினைத்தாள். திறந்திருந்த கதவு வழியாகக் கூடம் தெரிந்தது. குடும்பப் படங்கள் மாட்டியிருந்த சுவரில் இப்போது ஒரு பெரிய கோயில் நாட்காட்டி தொங்கியது. அதையும் தாங்கிக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா நல்ல மனுஷியாகத்தான் இருந்தார். தன் சேலைத் தலைப்பால் லோஷினியின் நெற்றியைத் துடைத்துவிட்டார். "லட்சணமான பிள்ளை. பிரவீனா, உனக்குக் கூட்டாளியா இவ? கல்யாணத்துல இவளதான் உன் பக்கத்துல நிக்க வைக்கணும்."

லோஷினி அக்காவைப் பார்த்தாள். பச்சைப் பட்டு, நெற்றிச்சுட்டி. கதவுக்கு வெளியே நாலு மணி நேரம் உட்கார்ந்த அக்கா.

பிரவீனாவின் கண் ஒருமுறை மாப்பிள்ளையின் பக்கம் போய் வந்தது.

"அவ்வளவா பழக்கமில்ல ஆண்ட்டி," என்றாள்.

அதற்குப் பிறகு எல்லாம் நடந்து முடிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. லோஷினியின் காதில் மழைச் சத்தம் நின்றுபோனது. படிக்கட்டில் செய்த சத்தியம் அவளுக்கு மறந்துவிடவில்லை. நன்றாக நினைவிருந்தது. எறிவதற்குக் கையில் இருந்த ஒரே கல் அந்த ரகசியம்தான்.

"ரூபேந்திரன் எப்படி இருக்கான் ஆண்ட்டி? பினாங்குல படிப்பெல்லாம் நல்லாப் போகுதா?"

அந்த அம்மாளின் கை லோஷினியின் நெற்றியிலேயே நின்றது. "உனக்கு எப்படிம்மா ரூபனை..."

"ஸ்கூடாய்ல டோபிக் கடை முன்னாடி அவன எறக்கி விட்டுட்டுத்தானே வந்தீங்க? எங்கப்பா என்னையும் அங்கதான் எறக்கி விட்டாங்க. மேல ரெண்டு பேரும் ஒண்ணாதான் உக்காந்திருந்தோம். ஒரே சீக்கு ஆண்ட்டி. டாக்டருங்க எழுதின பேரும் ஒண்ணுதான்." அம்மாவின் பக்கம் கை நீட்டினாள். "நான் பக்கத்து வீடு இல்ல. இவங்க வயித்துல பொறந்தவ. நீங்க உங்க பைத்தியத்த ஒளிச்சீங்க. இவங்க அவங்க பைத்தியத்த ஒளிச்சாங்க. நல்ல பொருத்தம். தேதி வச்சிடுங்க."

சேலைத் தலைப்பு அவள் நெற்றியை விட்டு மெல்ல விலகியது.

முதலில் பேசியவன் லோகேஸ்வரன். பிரவீனாவைப் பார்த்துக் கேட்டான். "இவங்க உங்க தங்கச்சியா?"

பிரவீனா அம்மாவைப் பார்த்தாள்.

"எனக்குத் தம்பி இருக்கான். இந்தப் பொண்ணு சொன்னது..."

"வாய மூடிட்டுக் காடில ஏறுடா," என்றார் அவன் அம்மா. பிரேமலாவிடம் திரும்பினார். "சுவத்துல படம்கூட இல்லாம நல்லா மறைச்சிட்டீங்களே."

"நீங்க பினாங்குக்கே அனுப்பிட்டீங்க," என்றாள் பிரேமலா.

சாம்பல் நிறக் கார் போய்விட்டது. தாம்பாளத்தில் அவர்கள் கொண்டுவந்த பழம் அப்படியே இருந்தது.

பிரேமலா கத்தவில்லை. கிரில் கதவை இழுத்துப் பூட்டி, சாவியைக் கைக்குள் வைத்துக்கொண்டு, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "நீ பக்கத்து வீட்லயே பொறந்து தொலைச்சிருக்கலாம்," என்றாள், அடங்கிய குரலில்.

பிரவீனா நெற்றிச்சுட்டியைக் கழற்றினாள். முடி சிக்கி, பிய்த்துக்கொண்டு வந்தது. "நான் உனக்கு என்னடி கெடுதல் பண்ணேன்?"

"பழக்கமில்லன்னு சொன்னியேக்கா."

"ஒரு நாள் கேட்டேன். என் வாழ்க்கையில ஒரே ஒரு நாள் நீ இல்லாம இருக்கணும்னு கேட்டேன்." பிரவீனா அதோடு நிறுத்தவில்லை. "அன்னிக்கு அந்தப் பாத்ரூம் கதவுக்கு வெளிய உக்காந்தேன் பாரு, எந்திரிச்சுப் போயிருக்கணும்."

சொன்ன உடனே வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். சொன்னது சொன்னதுதான்.

அப்பா அதையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

லோஷினியின் கைப்பேசி அதிர்ந்தது. ரூபன். ஒரே வரி.

நீயா சொன்ன?

அவள் விரல்கள் ஓடின. ஆமா. மன்னிச்சிரு. எங்க அக்கா என்னைய தெரியாதுன்னு சொல்லிட்டா. கோவம் கண்ண மறைச்சிருச்சு. ரூபன் ப்ளீஸ். நீ என்ன வேணா திட்டு. பதில் மட்டும் போடு. ப்ளீஸ். பத்தொன்பது செய்திகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் நீலக் குறி விழுந்தது. ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

அரை மணி கழித்து அழைப்பு வந்தது. பின்னணியில் மோட்டார் சைக்கிள் உறுமியது.

"உங்க வீட்டுக்கு வெளிய நிக்கிறேன்," என்றான் ரூபன். குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. "அண்ணன் குடும்ப குரூப்ல லொக்கேஷன் போட்டிருந்தான். வெளிய வா. உன் மொகத்த ஒரு தடவ பாக்கணும்."

சன்னல் வழியாகப் பார்த்தாள். விளக்குக் கம்பத்தின் கீழே நனைந்த முழுக்கைச் சட்டை. தலைக்கவசம் இல்லை.

"இரு, வந்துட்டேன். ரூபன், போயிடாத." அவள் நாற்காலியிடம் ஓடினாள். "அம்மா, சாவியக் குடு."

"யாரது?"

"அவன்தான். குடும்மா!"

"ஒரு பைத்தியம் பண்ணது போதும். இன்னொன்ன நடுவீட்டுக்குக் கூட்டியாரப் போறியா?" பிரேமலாவின் கை இறுக மூடியது.

லோஷினி அந்த விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. காதில் ரூபன் கேட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு சொல்லும் அவனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

"பரவால்ல. வேணாம்," என்றான். "எங்கம்மா சொன்னது சரிதான். நான் எங்க போனாலும் அங்க ஒண்ணு ஒடையுது."

அழைப்பு துண்டிக்கப்பட்டது. வெளியே மோட்டார் கிளம்பியது.

அப்போதுதான் ஜெயபாலன் நகர்ந்தார். மனைவியின் முன்னால் வந்து நின்று கையை நீட்டினார். பிரேமலா அவரை நிமிர்ந்து பார்த்தாள். இருபத்தெட்டு வருடத்தில் அவர் அவளிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை.

"கொடு," என்றார்.

சாவி கை மாறியது.

"போனா ரெண்டு பேரும் இந்தப் பக்கமே திரும்பாதீங்க," என்று பின்னாலிருந்து பிரேமலாவின் குரல் வந்தது. இருவரும் ஏறிய கார் அதற்குள் பின்வாங்கிக்கொண்டிருந்தது.

"எந்தப் பக்கம் போனான்?"

"இடது பக்கம்பா. மெயின் ரோட்டுக்கு."

லோஷினி ஹேமநாதனை அழைத்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"அண்ணே, ரூபன் மோட்டார்ல போறான். செனாய் மெயின் ரோடு, ஸ்கூடாய் பக்கமா. அவன் பேசினது சரியில்லண்ணே. நானும் எங்கப்பாவும் பின்னாலயே போறோம்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "நான்தான்ணே சொன்னேன். படிய விட்டு எறக்கிட்டேன்."

மறுமுனையில் சாவிக்கொத்து குலுங்கியது.

"நான் ஸ்கூடாய்லருந்து எதுக்க வர்றேன். போலீஸுக்கும் சொல்லிடறேன்," என்றான் ஹேமநாதன். "அவன் பின்விளக்கு தெரியுதா?"

"தெரியுது."

"அதுலருந்து கண்ண எடுக்காத. அழறதுக்கு அப்புறம் நேரம் இருக்கு. ஃபோன வைக்காத, பேசிக்கிட்டே இரு."

அவள் பேசிக்கொண்டே இருந்தாள். இப்போது ஒரு லாரியைத் தாண்டுகிறான், இப்போது வலது ஓரம், வேகம் கூடுது அண்ணே. மழைத் திரைக்குள் அந்தச் சின்னச் சிவப்புப் பொட்டு ஆடி ஆடிப் போனது.

தூரத்துச் சந்திப்பில் பச்சை மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பானது. குறுக்குச் சாலையில் வாகனங்கள் நகரத் தொடங்கின.

ரூபன் நிறுத்தவில்லை.

ஜெயபாலனும் நிறுத்தவில்லை.